பெயர் மறைக்கப்பட்ட நோயாளி

அந்த மருத்துவமனையில் எல்லோரும் அவளை எக்ஸ்ரேம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமான புதிதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். கை முறிந்தவர், கால் பிசகியவர், சட்டைப் பொத்தானை விழுங்கிய குழந்தை, யார் வந்தாலும் நிற்க வைத்து, திருப்பி வைத்து, "மூச்ச நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிப் படம் எடுத்து அனுப்பிவிடுவாள். அவளுடைய இயந்திரத்தில் திருகுவதற்குச் சில குமிழ்கள், அமுக்குவதற்கு ஒரு பொத்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் வேலை நடக்கும்.

அவளைத்தான் ஒரு நாள் கண்காணிப்பாளர் கூப்பிட்டு, மருத்துவமனைக்கு சி.டி. ஸ்கேன் வரப்போகிறது, அது வந்து இறங்குவதற்குள் நீங்கள் பழகிவிட வேண்டும் என்றார்.

"வராத மெஷின்ல எப்படி சார் பழகறது?"

"அதுக்குத்தான் சாஃப்ட்வேர் குடுத்திருக்காங்க. கம்ப்யூட்டருக்குள்ளயே மெஷின் இருக்கும், நோயாளியும் இருப்பாங்க. எத்தனை தடவை வேணும்னாலும் ஸ்கேன் பண்ணிப் பாக்கலாம். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னது நோயாளிகளைப் பற்றி. எக்ஸ்ரேம்மாவைப் பற்றி அல்ல.

உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையை ஒழித்து, கணினியை அங்கே வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே துணி துவைக்கும் பிரிவின் ஆவிக்குழாய் புஸ் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். திரையில் ஓர் அறை தெரிந்தது. அதில் ஒரு நீளப் படுக்கை, படுக்கையின் தலைமாட்டில் பெரிய வளையம். படுக்கையில் முகமே இல்லாத சாம்பல் நிற உருவம் ஒன்று கையைக் காலை நீட்டிப் படுத்திருந்தது. வலப்பக்கம் கட்டம் கட்டமாக எழுத்துகள். கீழே குறிகள். ஒரு குறி குடை மாதிரி இருந்தது, ஒன்று ரொட்டித் துண்டு மாதிரி இருந்தது. எதற்கு எது என்று யாருக்குத் தெரியும்?

ரொட்டித் துண்டை அமுக்கினாள். படுக்கை மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போனது. நிறுத்த எங்கே அமுக்குவது என்று தேடுவதற்குள் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது: நோயாளியின் மூக்கு வளையத்தில் இடிக்கப்போகிறது.

"ஐயோ, மன்னிச்சுக்கங்க" என்றாள் அந்தச் சாம்பல் ஆளிடம். சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று வாசலைப் பார்த்தாள்.

அடுத்த முயற்சியில் கால் உள்ளே போக வேண்டிய ஆளைத் தலைகீழாக உள்ளே அனுப்பினாள். அதற்கடுத்த முயற்சியில் வயிற்றைப் படம் எடுக்கச் சொன்னால் முழங்காலை எடுத்துக் கொடுத்தாள். படம் கிடைத்த பிறகாவது நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் எலும்பு மட்டும் வெள்ளையாக நின்று மற்றதெல்லாம் கறுப்பாகிவிடும். இன்னொன்றை அமுக்கினால் இருந்த கல்லீரல் காணாமல் போய் நுரையீரல் முளைக்கும். போதாததற்கு, நோயாளியின் வலப்பக்கம் திரையில் இடப்பக்கமாகத் தெரியும். எக்ஸ்ரேயிலும் அப்படித்தான், அது அவளுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் இங்கே ஆளைக் குறுக்கே ரொட்டி அறுத்ததுபோல் அறுத்து, காலடியிலிருந்து எட்டிப் பார்க்கச் சொன்னார்கள். தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை என்பது அவள் விஷயத்தில் பேச்சுக்குச் சொல்வதாக இல்லாமல் நிஜமாகவே நடந்தது.

அவளோடு வேலை பார்க்கும் இன்னொரு எக்ஸ்ரேக்காரருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். அவரும் அதே பாடங்களைத்தான் படித்தார். ஒரே வாரத்தில் முடித்துவிட்டார்.

"எப்படிங்க முடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"எங்கெல்லாம் 'அடுத்து'ன்னு போட்டிருக்கோ அங்கெல்லாம் அமுக்குங்க. அதுவா முடிஞ்சிரும்."

"ஏதாவது புரிஞ்சுதா?"

"அது மெஷின் வந்ததும் புரிஞ்சுக்கலாம்."

அவளால் அப்படி அமுக்கிக்கொண்டே போக முடியவில்லை. திரையில் இருப்பது பொம்மைதான் என்று தெரிந்தும், அதை வளையத்தில் இடிக்க விட மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் வேறு விதமான குழப்பம். அவள் கணவனுடைய அக்கா, அதாவது அவள் நாத்தனார், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர். தம்பி வீட்டிலேயே இருந்தார். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்தப் பேருந்து எந்த நடைமேடையிலிருந்து எப்போது கிளம்பும் என்று ஊருக்கே வழி சொல்பவர். அங்கே எல்லோருக்கும் அவர் 'மைக்கக்கா'. வீட்டில் மைக் தேவையே இல்லை. உப்பு டப்பா இடம் மாறினால் அது பின் தெருவரை அறிவிக்கப்பட்டுவிடும்.

அண்மையில் நாத்தனாருக்கும் எக்ஸ்ரேம்மாவுக்கும் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு யாருக்கு என்பதில் சண்டை. பேச்சுவார்த்தை முறிந்திருந்தது. நாத்தனாருக்கு வலப்பக்க இடுப்பில் வலி வந்துபோய்க்கொண்டிருந்ததும், டாக்டர் எழுதிக் கொடுத்து வேறொரு பெரிய ஸ்கேன் மையத்துக்குப் போய் வந்ததும் அந்தக் காலத்தில்தான். "ஒண்ணும் இல்லையாம். படத்த டாக்டரே வெச்சுக்கிட்டாரு" என்று தம்பியிடம் சொன்னதை எக்ஸ்ரேம்மா சமையலறையிலிருந்து காதில் வாங்கிக்கொண்டாளே தவிர, மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் தான் இறங்கி வந்ததாக ஆகிவிடும்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு பிற்பகலில், வேறு எதையோ திறக்கப் போய், எக்ஸ்ரேம்மா பயிற்சி மென்பொருளில் அதுவரை பார்க்காத ஒரு பகுதிக்குள் நுழைந்துவிட்டாள். எப்படி நுழைந்தாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அங்கே பொம்மைகள் இல்லை. நிஜமான வயிறுகளின் படங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் 'பெயர் மறைக்கப்பட்டது' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே வயது, எடை, என்ன உபாதை என்பது மட்டும்.

ஒன்றைத் திறந்தாள். பெண். ஐம்பத்து நான்கு வயது. எண்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வலப்பக்க வலி. குடல்வால் முன்பே எடுக்கப்பட்டது. இடுப்பில் பழைய எலும்பு முறிவின் தடம்.

எக்ஸ்ரேம்மாவின் கை கணினி எலியின் மேலேயே நின்றுவிட்டது. நாத்தனாருக்கு ஐம்பத்து நான்கு. எடையை அவர் சொல்ல மாட்டார், ஆனால் குளியலறைத் தராசு சொல்லும். குடல்வாலைச் சின்ன வயதிலேயே எடுத்துவிட்டார்கள். பேருந்துப் படியில் சறுக்கி இடுப்பெலும்பு விரிசல் விட்டபோது எக்ஸ்ரே எடுத்ததே இவள்தான்.

படத்தை ஓட்டினாள். திரையின் இடப்பக்கம், அதாவது ஆளின் வலப்பக்கம், கல்லீரலுக்குள் ஓர் உருண்டை நிழல். பொத்தானை மாற்றி அமுக்கினாள், நிழல் மறைந்தது. திரும்ப அமுக்கினாள், வந்தது. இது நிழலா, இல்லை தன் கைக்கோளாறா? ஒன்றும் விளங்கவில்லை.

பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்தாள். அவர் வேறு ஊரில் இருந்துகொண்டு, யார் எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவர்.

"சார், இந்த நிஜப் படமெல்லாம் யாரோடது?"

"நிஜ ஆளுங்களோடதுதான் மேடம். நம்ம மெஷின் இருக்கற சென்டர்கள்லேர்ந்து வரும். பேரை எடுத்துட்டுப் பயிற்சிக்கு வெச்சிருப்போம்."

"எந்தெந்த சென்டர்?"

"அது எனக்கே தெரியாது மேடம். ஏன், ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல சார். சும்மாதான் கேட்டேன்."

நாத்தனார் போய் வந்த மையத்திலும் இதே நிறுவனத்து இயந்திரம்தான். வாசலில் பெரிய பலகையே வைத்திருந்தார்கள்.

மறுநாள் படங்களைப் பார்த்துக் குறிப்பு எழுத வரும் டாக்டரை அந்த அறைக்கு அழைத்து வந்தாள். பாடத்தில் சந்தேகம் என்றாள். அவர் நின்றபடியே திரையைப் பார்த்தார்.

"கல்லீரல்ல கட்டி. நல்லாத் தெரியுதே. பாடத்துக்குன்னே தேர்ந்தெடுத்து வெச்சிருக்காங்க."

"இது... குணமாகுமா டாக்டர்?"

"படத்த மட்டும் பாத்து எப்படிம்மா சொல்றது? சீக்கிரமா கவனிச்சா செய்யறதுக்கு வழி இருக்கும். விட்டுட்டா கஷ்டம்." அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "பேரில்லாத ஆளுக்காக எதுக்கு இவ்வளவு வேர்க்குது உங்களுக்கு?"

எக்ஸ்ரேம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் யோசித்துப் பார்த்தாள். ஒருவேளை நாத்தனாருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தம்பி பயப்படக் கூடாதென்று மறைக்கிறார். அல்லது அந்த மையத்தில் ஆள் மாற்றிச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அல்லது இது வேறு யாரோ. ஐம்பத்து நான்கு வயதில் குடல்வால் இல்லாத பெண் உலகத்தில் ஒருத்திதானா? ஆனால் இடுப்பில் அந்தத் தடம்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு மறுபடி போய்ப் படத்தைத் திறந்து பார்த்தாள்.

அன்று மாலை கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். கையில் ஒட்டிய கிரீஸைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே கேட்டான். முழுக்கக் கேட்டுவிட்டு, "நேத்துவரைக்கும் அந்த மெஷின்ல படுக்கைய எப்படி இறக்கறதுன்னு தெரியலன்னு புலம்பின. இன்னிக்கு எங்கக்காவுக்கு நோயே கண்டுபிடிச்சுட்டியா?" என்றான்.

"நான் கண்டுபிடிக்கல. டாக்டர் சொன்னாரு."

"எங்கக்கா படம்னு டாக்டர் சொன்னாரா?"

"அதச் சொல்லல."

"அப்புறம்?"

அதற்கு மேல் அவன் கிண்டல் செய்யவில்லை. கிரீஸ் போன பிறகும் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "நீயே கேளு. எனக்குக் கேக்க வாய் வராது" என்றான்.

கேட்பது எப்படி? பேச்சே இல்லாதபோது எடுத்த எடுப்பில் 'உங்கள் கல்லீரல் எப்படி இருக்கிறது' என்றா கேட்பது? முதலில் சமாதானம் ஆகட்டும் என்று நினைத்தாள். குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டைக் காலி செய்து நாத்தனாருக்கு விட்டுக்கொடுத்தாள். அவர் குளிக்கப் போகுமுன் வெந்நீர் எடுத்து வைத்தாள். உப்பு டப்பாவை அவருக்குப் பிடித்த இடத்திலேயே வைத்தாள். அவர் இருமினால் எட்டிப் பார்த்தாள், இருமாவிட்டாலும் எட்டிப் பார்த்தாள்.

நாத்தனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு காலையில் டீ டம்ளரை மேசையில் ணங்கென்று வைத்து, "உண்மையச் சொல்லு. என்னோடத எதை ஒடச்ச?" என்றார்.

"நான் எதையும் ஒடைக்கலக்கா."

"அப்ப எதைத் தொலைச்ச?"

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லாமலா மேல்தட்டக் குடுத்த? சோழியன் குடுமி சும்மா ஆடாதும்மா. வேலைக்கு நேரமாச்சு, வந்து வெச்சுக்கறேன்."

எக்ஸ்ரேம்மாவால் மாலைவரை தாங்க முடியவில்லை. அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கே போய்விட்டாள். நடைமேடைகளுக்கு நடுவில் கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேசை விசிறி, வளைந்த கழுத்தோடு ஒரு மைக். நாத்தனார் அவளைக் கண்டதும் மைக்கின் பொத்தானை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். நிற்கத்தான் இடம் இருந்தது. நின்றாள்.

"வீட்ல யாருக்காவது ஏதாவதா?" அவர் முகம் மாறிவிட்டது.

"உங்களுக்குத்தான்க்கா." சொல்ல நினைத்திருந்த முறையெல்லாம் மறந்து போய், எக்ஸ்ரேம்மா கொட்டிவிட்டாள். மென்பொருள், பெயர் மறைக்கப்பட்ட பெண், வயது, எடை, குடல்வால், இடுப்பு, கல்லீரலில் கட்டி, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும். "என்கிட்ட மறைக்காதீங்கக்கா. சண்டைய அப்புறம் போட்டுக்கலாம். அங்க என்ன சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஒரு பேருந்து நடைமேடைக்குள் திரும்பி ஒலிப்பானை அடித்தது. அவர் மைக்கைப் போட்டு, தடுமாற்றமே இல்லாத தெளிவான குரலில், மலைப்பாதை வழியாகச் செல்லும் வண்டி கடைசி நடைமேடையில் நிற்கிறது, பயணிகள் முண்டியடிக்காமல் ஏறவும் என்று அறிவித்தார். மைக்கை அணைத்தார். அணைத்ததும் குரல் சின்னதாகிவிட்டது.

"அது நான் இல்ல."

"எப்படிக்கா அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"நான் ஸ்கேனே எடுக்கலடி."

எக்ஸ்ரேம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "போயிட்டு வந்தீங்களே?"

"போனேன். அந்த முதுகுல கட்டற அங்கியெல்லாம் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். கதவு கொஞ்சம் திறந்திருந்துச்சு. உள்ள ஒரு ஆளப் படுக்கையோட அந்த ஓட்டைக்குள்ள தள்றாங்க. கூட இருந்தவங்க எல்லாரும் ஓடி வந்து வெளிய நின்னுக்கிட்டாங்க. அவரு மட்டும் உள்ள. அதப் பாத்ததும் எனக்குக் கைகால் எல்லாம்..." அவர் கையை விரித்துக் காட்டினார். "பாத்ரூம் போயிட்டு வரேன்னு சொல்லிட்டு, துணிய மாத்திக்கிட்டு, பின்பக்கமா வந்து பஸ் ஏறிட்டேன்."

"அப்ப ஒண்ணும் இல்லைன்னு..."

"டாக்டர் சொன்னாருன்னு நான்தான் சொன்னேன். யார் கேக்கப்போறா? நீயும் பேசறதில்ல."

எக்ஸ்ரேம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. முகமே தெரியாத ஒருத்திக்காக இத்தனை நாள் வெந்நீர் வைத்திருக்கிறாள். அந்தப் பெண் எங்கேயோ ஓர் ஊரில் இருக்கிறாள், அவளுக்கு யார் வெந்நீர் வைத்தார்களோ. கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் இன்னொன்று உறைத்தது.

"அக்கா, அப்ப உங்க வலி?"

நாத்தனார் மேசை விசிறியைத் திருப்பி வைத்தார். "இருக்கு" என்றார். "போன வாரம் ரெண்டு தடவ இந்த நாற்காலியிலேயே சுருண்டுட்டேன். மைக் ஆஃப்லதான் இருந்துச்சு."

ஆக, இத்தனை நாள் பயந்த பயம் பொய்யாகி, அந்த இடத்தில் நிஜமான பயம் வந்து உட்கார்ந்தது. கல்லீரலில் கட்டி என்று தெரிந்திருந்தாலாவது ஒரு பெயர் இருந்திருக்கும். இப்போது என்னவென்றே தெரியாது. எக்ஸ்ரேம்மாவுக்கு எதை நினைத்து ஆறுதல் அடைவது, எதை நினைத்துக் கலங்குவது என்று பிடிபடவில்லை.

அன்று நாத்தனாரின் வேலை முடிந்ததும் அவரை நேரே பயிற்சி அறைக்கு அழைத்து வந்தாள். கண்காணிப்பாளரிடம் அனுமதி கேட்டபோது, "உங்களுக்கே வழி தெரியாது, துணைக்கு வேற ஒருத்தரா?" என்றார், ஆனால் விட்டுவிட்டார்.

சாம்பல் ஆள் வழக்கம்போல் படுத்திருந்தது.

"இதுவா நீ ஸ்கேன் பண்ற ஆளு? மூஞ்சியக் காணோம்?"

"அது தேவையில்லக்கா. இத பாருங்க. இது குகை கிடையாது, வளையம்தான். இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் கால், ரெண்டும் வெளியதான் இருக்கும்." எக்ஸ்ரேம்மா காட்சியைச் சுழற்றிப் பக்கவாட்டில் காட்ட நினைத்தாள். குடைக் குறியை அமுக்கினாள். திரை இருண்டது. இன்னொன்றை அமுக்கினாள். அறையே தலைகீழாகத் தொங்கியது.

"இப்படித்தான் என்னையும் தொங்க விடப்போறியா?"

"இருங்கக்கா, இப்ப வந்துரும்."

"அந்த அம்புக்குறிய அமுக்கு."

"அது வேறக்கா."

"அமுக்கித்தான் பாரேன். என்ன, செத்தா போயிருவான்?"

அமுக்கினாள். அறை நிமிர்ந்தது. அது எப்படி என்று இருவருக்குமே தெரியவில்லை. வளையம் பக்கவாட்டில் தெரிந்தது. குறுகலான, முன்னும் பின்னும் திறந்த வளையம். நாத்தனார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். ஆளை உள்ளே அனுப்பச் சொன்னார். வெளியே எடுக்கச் சொன்னார். மறுபடி அனுப்பச் சொன்னார். கடைசியில், "தள்ளு, நான் பண்றேன்" என்று எலியை வாங்கிக்கொண்டார். ஒலிபெருக்கியிலிருந்து பதிவு செய்த பெண்குரல் ஒன்று மூச்சைப் பிடிக்கச் சொன்னது.

"இவளுக்கு யாரு மைக் குடுத்தது? பிடிங்கன்னு சொல்றாளா, பிழிங்கன்னு சொல்றாளா?"

"எனக்கும் அது புரியாதுக்கா. நான் பாட்டுக்கு நானே சொல்லிருவேன்."

"எல்லாரும் ஏன் வெளிய ஓடறாங்க?"

"எக்ஸ்ரே கதிர் வரும்க்கா. உங்களுக்கு ஒரு தடவை. அது ஒண்ணும் பண்ணாது. நாங்க நாள் முழுக்க அங்கயே நிக்கறோமில்லையா, அதான் கண்ணாடிக்குப் பின்னாடி போயிருவோம். அங்கிருந்து உங்கள நான் பாப்பேன், பேசுவேன், நீங்க பேசினா கேக்கும்."

நாத்தனார் சாம்பல் ஆளை இன்னொரு முறை உள்ளே அனுப்பி வெளியே எடுத்தார். "இத அங்க ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அதற்காக உடனே வேறெங்கும் போக அவர் சம்மதிக்கவில்லை. "உன் மெஷின் வரட்டும்" என்றார். டாக்டரைப் பார்த்து வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டார். வலி கூடினால் அந்த நிமிடமே எங்கே வேண்டுமானாலும் வருவேன் என்று தம்பியிடம் சத்தியம் செய்து கொடுத்தார். எக்ஸ்ரேம்மாவுக்கு அதற்குப் பிறகு பயிற்சி என்பது வேறு ஒன்றாகிவிட்டது. தினமும் வயிறு, தினமும் வலப்பக்கம். குழப்பம் தீர்ந்துவிடவில்லை. ஒரு நாள் வந்த வழி மறுநாள் வராது. ஆனால் எங்கே தொலைந்தாலும் முதல் திரைக்குத் திரும்பி வருவது எப்படி என்று ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தொலைவாள், திரும்புவாள், மறுபடி புறப்படுவாள்.

இயந்திரம் வந்தது. சுவரை இடித்து உள்ளே ஏற்றினார்கள். பயிற்சியாளரும் நேரில் வந்தார். தொலைபேசியில் கேட்ட குரலுக்குச் சம்பந்தமே இல்லாத குள்ளமான, தலை நரைத்த மனிதர். பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, முதல் நோயாளிகளை அனுமதிக்கலாம் என்று ஆன அன்று, நாத்தனார் வேலைக்குப் போகும் புடவையிலேயே வந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு முன்னால் இருந்தவரை 'அவசரம்' என்ற அந்த எக்ஸ்ரேக்காரர் படுக்க வைத்தார். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, அடுத்து எதை அமுக்குவது என்று தெரியாமல் பயிற்சியாளரைப் பார்த்தார். "இதுல 'அடுத்து'ன்னு எங்கயும் போடலையே சார்?" என்று கேட்டார்.

நாத்தனாரின் முறை வந்தது. எக்ஸ்ரேம்மா அவரைப் படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்து, போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். பயிற்சியில் பார்த்த திரை இல்லை இது. புதிய பதிப்பாம். ரொட்டித் துண்டு இருந்த இடத்தில் ஏதோ ஏணி மாதிரி இருந்தது. குடையைக் காணவே காணோம்.

"சார், இது அது இல்லையே?"

"அதேதான் மேடம். இடம்தான் மாறியிருக்கு. நிதானமாப் பாருங்க" என்றார் பயிற்சியாளர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், உதவிக்கு நீட்டவில்லை.

எக்ஸ்ரேம்மா பார்த்தாள். எழுத்துகள் எல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாத்தனாரின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. கட்டைவிரல்கள் இரண்டும் விறைத்துக்கொண்டு நின்றன. ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது.

"வண்டி கிளம்புமா, கிளம்பாதா?"

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எக்ஸ்ரேம்மா சிரிக்கவில்லை. அந்தக் குரலில் இருந்த நடுக்கம் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. பேசும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து அமுக்கினாள்.

"கிளம்புதுக்கா. வழி பாத்துக்கிட்டிருக்கேன். கண்ண மூடிக்கங்க."

அவள் தெரியாததை எல்லாம் விட்டுவிட்டுத் தெரிந்த ஒன்றைத் தேடினாள். முதல் திரைக்குப் போகும் வழி. அது மூலையில், கொஞ்சம் சிறியதாக, ஆனால் அதே உருவத்தில் இருந்தது. அங்கிருந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். கால் முதலில், மல்லாந்து, வயிறு. முதலில் ஒரு மேலோட்டமான படம். அதில் எங்கிருந்து எங்கே வரை என்று கட்டத்தை இழுத்தாள். ஒரு முறை முழங்கால்வரை இழுத்துவிட்டுத் திரும்ப மேலே கொண்டுவந்தாள். பதிவுக்குரலை அணைத்தாள். "அக்கா, மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க."

படுக்கை நகர்ந்தது. வளையத்துக்குள் ஏதோ சுற்றும் ஓசை எழுந்து அடங்கியது.

"விடுங்க. முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சுதா?" என்றது ஒலிபெருக்கி. "இதுக்கா நான் பின்பக்கமா ஓடினேன்?"

படத்தை ஓட்டிப் பார்க்க எக்ஸ்ரேம்மாவுக்குத் தைரியம் இல்லை. பயிற்சியாளர்தான் டாக்டரைக் கூப்பிட்டார். அவர் வந்து உட்கார்ந்து மேலும் கீழும் ஓட்டினார். எக்ஸ்ரேம்மா திரையின் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லீரல் சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருந்தது. உருண்டை இல்லை. பொத்தானை மாற்றச் சொல்லிப் பார்த்தாள், அப்போதும் இல்லை.

"சிறுநீரகத்துல கல்லு" என்றார் டாக்டர். வெள்ளையாக மின்னிய ஒரு பொட்டைச் சுட்டிக்காட்டினார். "இத வெச்சுக்கிட்டு இத்தனை நாளா எப்படிப் பொறுத்தாங்க? பயப்பட ஒண்ணும் இல்ல. ஒலி அலையால ஒடச்சிரலாம்."

எக்ஸ்ரேம்மா வெளியே வந்து, போர்வையை எடுத்து, நாத்தனார் எழுந்து உட்காரக் கைகொடுத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

நாத்தனார் வலப்பக்க இடுப்பைத் தடவிப் பார்த்தார். "கல்லுதானா?" என்றார். பிறகு, "அந்தப் பொம்பள? பேரில்லாதவ. அவளுக்கு என்னாச்சு?"

"தெரியலக்கா. யாருக்குமே தெரியாது."

"பாவம்" என்றார் நாத்தனார். சொல்லிவிட்டுக் காலைத் தொங்கப்போட்டுச் செருப்பைத் தேடினார். எக்ஸ்ரேம்மா குனிந்து அதை அவர் காலடியில் நகர்த்தினாள்.

கல்லை உடைத்தார்கள். இரண்டு சிட்டிங்கில் தூளாகிப் போய்விட்டது. நாத்தனார் மறுபடி கண்ணாடிக் கூண்டில் போய் உட்கார்ந்தார். அன்று மாலை வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாக, குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் எக்ஸ்ரேம்மா மறுபடி வைத்திருந்த முட்டைகளை எடுத்துக் கீழே வைத்தார்.

"அது எனக்குன்னு குடுத்தது" என்றார்.

"சாகப்போறீங்கன்னு நெனச்சுக் குடுத்தேன்க்கா. இப்பதான் நல்லா ஆயிட்டீங்களே?"

கணவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். எந்தப் பக்கம் பேசினாலும் வம்பு என்று கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, கூப்பிடாத ஒரு லிஃப்டைப் பழுதுபார்க்கக் கிளம்பினான்.